செக்கும் கொழுப்பு அமிலமும்
கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் மணிலா எனும் நிலக்கடலைப் பயிர், தென் அமெரிக்காவில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையில் பரவி, புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அதற்கு முன் செக்கில் ஆடியவை எள்ளும் இலுப்பையும். எள்ளோடு கருப்பட்டி சேர்த்தால் எண்ணெய் நன்றாகப் பிரியும். செக்காட்டும் வாணியரின் அருமையான கைப்பக்குவம் அது.

செக்கு தரும் எண்ணெய் கொழுப்பே. உணவில் கொழுப்பு இன்றியமையாதது என்பதை ஆய்வாளர்களான ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் 1929-இல் எலிகளைக் கொண்டு நிறுவினர். அடுத்த ஆண்டு இன்றியமையாத கொழுப்பு அமிலமாக லினோலியிக் அமிலத்தைச் சுட்டினர். உடலால் ஆக்க முடியாத அந்த அமிலம் நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 விழுக்காடு, கடலை எண்ணெயில் 30 அளவில் உண்டு. உடலால் ஆக்க முடியாத மற்றொன்றான ஆல்பா லினோலெனிக் அமிலம் இரண்டு எண்ணெயிலும் மிகக் குறைவு. ஆளிவிதை, கீரை, மீன் சேராமல் செக்கெண்ணெய் மட்டும் போதாது.