வீட்டில் திரைப்படச் சேமிப்பு: படச்சுருளிலிருந்து வலையமைப்புப் பெட்டி வரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் காரைக்குடிக்குத் தனி இடம் உண்டு. இவ்வூரில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன் (1907–1979), 1940களின் நடுவில் தேவகோட்டைச் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். அங்கு உருவான 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வெளியானது. 1948இல் நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு மாறியது. காரைக்குடியில் எடுத்த அந்தப் படத்தை இன்றும் நாம் பார்க்கலாம். ஆனால் 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் கிடைக்கவில்லை.

படங்கள் அழிந்தது ஏன்?

அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் செல்லுலோசால் ஆனவை. அவை எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். திரையரங்கில் ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் இருந்தது. பிரதிகளும் குறைவு. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதற்குள் பல படங்கள் மறைந்துவிட்டன.

வீட்டுக்கு வந்த படம்

1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். ஒளிநாடா, படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. திருமண நிகழ்ச்சிகளும் நாடாவில் பதிவாயின. நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கருவியும் இன்று அரிதாகிவிட்டது. பின்பு குறுந்தட்டுகள் வந்தன. அவற்றிலும் கீறல் விழும்.

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டு அலமாரி அளவு பெரியது. கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையளவு வன்தட்டில் பல டெராபைட்டுகள் அடங்கும். அத்தகைய தட்டுகளை வீட்டு இணைய ரவுட்டருடன் இணைத்து, தொலைக்காட்சி, கைபேசி, கணினி ஆகிய எல்லாவற்றுக்கும் படம் வழங்கும் சிறு கணினியே வலையமைப்புச் சேமிப்பகம் (நாஸ்).

தேர்ந்தெடுக்கும் முறை

*கொள்ளளவு:* ஒரு படம் 8 ஜிகாபைட் என்று கொண்டால், 4 டெராபைட்டில் ஏறத்தாழ 500 படங்கள் அடங்கும்.

*தட்டுகள்:* இரண்டு தட்டுகள் பொருத்தக்கூடிய பெட்டி நல்லது. ஒன்றில் உள்ளதே மற்றொன்றிலும் பதியும்படி அமைத்தால், ஒரு தட்டு பழுதானாலும் கோப்புகள் தப்பும்.

*செயலி:* கோப்பின் வடிவம் தொலைக்காட்சிக்குப் புரியாவிட்டால், பெட்டியே உடனுக்குடன் அதை மாற்றித் தரவேண்டும். அதற்கு வலுவான செயலி தேவை. தொலைக்காட்சி நேரடியாக ஏற்கும் வடிவமானால் எளிய பெட்டியே போதும்.

*இணைப்பு:* பெட்டியை ரவுட்டருடன் கம்பிவழி இணைப்பதே நம்பகமானது.

*மின்சாரம், வெப்பம்:* திடீர் மின்வெட்டு கோப்புகளைச் சிதைக்கக்கூடும், சிறு யு.பி.எஸ். அவசியம். சிவகங்கைக் கோடையில் மூடிய அலமாரிக்குள் பெட்டியை வைக்கக்கூடாது.

*உரிமை:* இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அனுமதியின்றி எடுத்த பிரதிகளைச் சேமிப்பது முறையன்று.

வரலாறு தரும் பாடம்

ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகளும் தீயிலோ திருட்டிலோ ஒன்றாகவே போகும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். எனவே தனி வன்தட்டில் மற்றொரு பிரதி எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பது நலம். கடையில் கிடைக்கும் படத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தாத்தா பாட்டியின் மணிவிழாப் பதிவுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. முதலில் காக்கவேண்டியது அதைத்தான்.