எல்லை தாண்டி வரும் நுரை

ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. நல்ல மழை பெய்து தென்பெண்ணையில் புது வெள்ளம் வந்தால், மதகு வழியாக ஜலத்தோடு வெள்ளை வெளேரென்று நுரையும் புறப்படுகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பஞ்சுப் பொதி என்று நினைப்பார்கள். கிட்டப் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நந்தி மலையில் பிறந்த ஆறு, பெங்களூர்ப் பக்கம் வருகையில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் சாக்கடையையும் சோப்பு நீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு வருகிறது. 2015-இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியே எரிந்தது. தண்ணீர் தீயை அணைக்கும் என்று படித்தவர்கள் நாம்!

வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி எழுத வந்தவன் ஆற்றங்கரையில் ஏன் நிற்கிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த எல்லையின் சரித்திரமே ஒப்பந்தங்களின் சரித்திரம்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தை இழந்தபோது, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமஹால் கும்பெனியார் கைக்கு வந்தது. காப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். நூறு வருஷம் கழித்து, 1892-இல், சென்னை சர்க்காரும் மைசூர் சமஸ்தானமும் ஆறுகளைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சென்னையைக் கேட்காமல் மைசூர் இன்னின்ன ஆறுகளில் புது அணை கட்டக் கூடாது என்றது அது. அந்த ஜாபிதாவில் தென்பெண்ணையும் உண்டு. எவ்வளவு ஜலம் வரும் என்பதே அன்றைய கவலை. எப்படிப்பட்ட ஜலம் வரும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வந்த அரசியல் சட்டம், தன் 301-ஆவது ஷரத்தில், தேசம் முழுவதும் வாணிபம் தடையின்றி நடக்கலாம் என்றது. 1970-களில் ஓசூரில் சிப்காட் பேட்டை எழுந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் அங்கே பிறந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், ஜூஜுவாடியில் சரக்கு லாரிகளை மடக்கிய வணிகவரிச் சோதனைச் சாவடியும் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் பிழைக்க வழி பிறந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்று ஓசூர் ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் கப்பல் ஏறுகிறது. ரோஜா குடித்த தண்ணீரும் அதற்கு அடித்த மருந்தும் மட்டும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

வர்த்தக ஒப்பந்தத்தால் காற்றும் நீரும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கும் வழக்கத்தை ஐரோப்பிய யூனியன் 1999-இல் தொடங்கியது. இந்தியாவோடு பேசிய ஒப்பந்தத்துக்கும் 2009-இல் அப்படி ஓர் அறிக்கை வந்தது. ஸ்விட்சர்லாந்து, நார்வே முதலிய நான்கு நாடுகளோடு நாம் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழலுக்கென்று அத்தியாயமே இருக்கிறது. ஆனால், சுங்கவரியில் தகராறு வந்தால் மத்தியஸ்தர்களிடம் போகலாம். இந்த அத்தியாயத்தை வைத்துப் போக முடியாது!

எனக்கு உள்ள ஆட்சேபம் இன்னொன்று. இந்தக் கணக்குகளைத் தேசம் முழுமைக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்தச் சராசரியில் கெலவரப்பள்ளி எங்கே தெரியும்? கையெழுத்துக்கு முன் ஒரு தடவையும், அப்புறம் வருஷா வருஷமும், அந்த மதகடியில் ஒரு குப்பி ஜலம் எடுத்துப் பரிசோதித்து, முடிவை ஒப்பந்தத்தோடு சேர்த்து அச்சிட்டால் என்ன? இதே ஜலம்தான் கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் போய், கடலூர் அருகே கடலில் கலக்கிறது.