மரப்பட்டையிற் பிறந்த மருத்துவம்

தடிமன் பிடித்தால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர்; வயிறு பொருமினால் ஓமம்; அடிபட்டு வீங்கினால் மஞ்சளும் நொச்சியிலையும். இவை நம் இல்லந்தோறும் தாய்மார் கையில் இருக்கும் மருந்துகள். நம்மவர் சிலரின் வீடுகளில் இவற்றோடு இன்னுமொரு மருந்துப் பெட்டியும் உண்டு. சிறு கண்ணாடிக் குப்பிகள். அவற்றுள் கடுகினும் சற்றுப் பெரிய வெண்ணிற இனிப்பு உருண்டைகள். குப்பிகளின் மேல் ஆர்னிக்கா, சைனா, நக்ஸ் வொமிக்கா என எளிதில் வாயில் நுழையாத பெயர்கள். பிள்ளைகள் அழாமல் உண்ணும் மருந்து இதுபோல் வேறில்லை. என் சிறு வயதில் எங்கள் ஊரில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இத்தகைய பெட்டி ஒன்றை வைத்திருந்தார். காசு வாங்காமல் மருந்து கொடுப்பார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

அக்குப்பிகளில் உள்ளவை பெரும்பாலும் செடிகொடிகளின் பெயர்கள். ஆதலால், ஹோமியோபதியும் நம் பரியாரியாரின் பச்சிலை வைத்தியமும் ஒன்றே என எண்ணும் இளைஞர் பலர் இன்று உளர். முதியோரிற் சிலரும் அவ்வாறே கூறக் கேட்டிருக்கிறேன். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதற்கு விடை அம்மருத்துவத்தின் வரலாற்றிலே, சிறப்பாக ஒரு மரத்தின் வரலாற்றிலே, கிடக்கின்றது.

அம்மரம் சிங்கோனா. தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலைச் சாரலில் இயற்கையாய் வளர்வது. அதன் பட்டையை இடித்துக் குடித்தால் முறைக்காய்ச்சல் நீங்கும் என்பதை இயேசு சபைக் குருமார் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அறிவித்தனர். பெரு நாட்டை ஆண்ட ஸ்பானியத் தேசாதிபதியின் மனைவி சிஞ்சோன் சீமாட்டி இப்பட்டையாற் பிழைத்தார் என்றொரு கதை உண்டு. லின்னேயசு 1742இல் மரத்துக்குப் பெயரிட்டதும் அக்கதையை நம்பியே. கதை உண்மையன்று என ஆராய்ச்சியாளர் பின்னர் காட்டிவிட்டனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சாமுவேல் ஹானிமன் 1755இல் ஜேர்மனியின் சக்சனி நாட்டில் மைசன் நகரிலே பிறந்தவர். தந்தையார் பீங்கானிற் சித்திரம் தீட்டுபவர். மகன் 1779இல் வைத்தியப் பட்டம் பெற்றாரெனினும் அக்காலத்து வைத்தியம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. நோய் எதுவாயினும் நரம்பை வெட்டி இரத்தம் வாங்குவதும், இரசச் சரக்கை ஊட்டி வாய் புண்ணாக்குவதும், பேதிக்கு மேற் பேதி கொடுப்பதுமே அன்றைய ஐரோப்பாவின் சிகிச்சை. 1792இல் ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் லியோபோல்ட் மீண்டும் மீண்டும் இரத்தம் வாங்கப்பட்டு இறந்தபோது, அரண்மனை வைத்தியரைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் ஹானிமன். இத்தகைய தொழிலைச் செய்வதினும் பட்டினி கிடப்பது மேல் எனக் கருதியவர்போல், வைத்தியத்தைக் கைவிட்டு நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பத்தைக் காத்துவந்தார்.

1790இல் ஸ்கொத்லாந்து வைத்தியப் பேராசிரியர் வில்லியம் கல்லன் எழுதிய மருந்து நூலை ஜேர்மன் மொழியில் ஆக்குகையில், சிங்கோனாப் பட்டை காய்ச்சலைத் தீர்ப்பது அதன் கசப்பும் துவர்ப்பும் இரைப்பையைப் பலப்படுத்துவதாலே என்று கல்லன் கூறியதைக் கண்டார். கசப்பும் துவர்ப்பும் உடைய பொருள்கள் வேறும் உளவே, அவை காய்ச்சலைத் தீர்க்கவில்லையே என்று ஐயுற்றார். ஐயுற்றதோடு நில்லாமல், நோயில்லாத தம் உடம்பிலேயே சோதித்தார். நாளுக்கு இருமுறையாகச் சில நாள் பட்டைத்தூளை உண்டார். கால்களும் விரல் நுனிகளும் குளிர்ந்தன, நெஞ்சு படபடத்தது, நடுக்கமும் தாகமும் தோன்றின, கன்னம் சிவந்தது. முறைக்காய்ச்சலின் குறிகள் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் நீங்கின. மறுபடி உண்டால் மறுபடி வந்தன. நோயுற்றவனிடத்து எக்குறிகள் உளவோ அக்குறிகளை நோயற்றவனிடத்து உண்டாக்கும் பொருளே அந்நோய்க்கு மருந்து என்னும் கொள்கைக்கு இதுவே வித்து. 1796இல் அதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1810இல் ‘ஓர்கனன்’ என்னும் நூலாக விரித்தார்.

இச்சோதனையை மீளச் செய்தோர் பலருக்கு அக்குறிகள் தோன்றவில்லை. ஹானிமனின் உடம்புக்கு அப்பட்டை ஒவ்வாதிருந்திருக்கலாம் என்பர் சிலர். எவ்வாறாயினும், மருந்தை நோயாளிக்கு ஊட்டுமுன் தன்மேலும் தன் மாணவர்மேலும் பரீட்சித்து, கண்டதை ஒழுங்காக எழுதிவைத்த அத்துணிவு அக்காலத்துக்குப் பெரிது. அவரிடம் நான் மதிப்பது இதனையே.

நிற்க. ஹானிமன் எடுத்துக்கொண்ட செடிகள் பலவும் ஐரோப்பியக் கிராமத்தார் முன்னரே அறிந்தவை. மலைப்புற்களின் நடுவே மஞ்சளாகப் பூக்கும் ஆர்னிக்காவை அடிபட்ட காயத்துக்குப் பூசினர்; கமோமில் பூவை வெந்நீரிலிட்டுக் குழந்தைகளின் வயிற்று நோவுக்குக் கொடுத்தனர். ஹோமியோபதிக்காரர் இன்றும் ஆர்னிக்காவை அடிகாயத்துக்கும் கமோமிலைப் பல்முளைக்கும் பிள்ளையின் சிணுக்கத்துக்கும் கொடுப்பது இப்பழைய வழக்கின் தொடர்ச்சியே எனலாம்.

அவர் எடுத்தவற்றுள் நம்மண்ணிற்குரியதொன்றும் உண்டு. நக்ஸ் வொமிக்கா என்று குப்பியில் எழுதப்படுவது வேறொன்றன்று, நம் எட்டியே. காஞ்சிரை எனவும் சொல்வர். தென்னிந்தியாவிலும் நம் வரண்ட பிரதேசக் காடுகளிலும் வளர்வது. பழம் பார்வைக்குத் தோடம்பழம் போலிருக்கும். உள்ளே சட்டைப் பொத்தான் போன்ற தட்டையான விதைகள். எட்டி பழுத்தும் யாருக்கும் பயனில்லை என்று நம் பழமொழி உலோபியை இகழும். எனினும் அவ்விதைகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன. அங்கே நாய்களையும் காகங்களையும் கொல்ல அவற்றைப் பயன்படுத்தினர். அதன் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னின் என்பதை 1818இல் பிரித்தெடுத்த பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவருமே, 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவையும் பிரித்தெடுத்தனர்.

எட்டி நஞ்சென்பதை நம் சித்த வைத்தியரும் அறிவர்; ஹானிமனும் அறிவார். நம்மவர் விதையைச் சுத்தி செய்து, நஞ்சின் வேகத்தைத் தணித்து, வாத நோய்களுக்கான மருந்துகளிற் சேர்த்தனர். சுத்தி செய்தபின்னும் விதையின் சத்து அதில் எஞ்சியிருக்கும்; ஆகையாற் கை தேர்ந்தவரன்றிப் பிறர் அதனைத் தொடலாகாது. ஹானிமன் சென்ற வழி வேறு. மருந்துச் சாற்றில் ஒரு பங்கைத் தொண்ணூற்றொன்பது பங்கு மதுசாரத்திற் கலந்து குலுக்குதல்; அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அவ்வாறே ஐதாக்குதல். முப்பது முறை இவ்வாறு செய்ததே ‘30’ எனக் குப்பியிற் குறிக்கப்படுவது. ஒன்றின் பின் அறுபது பூச்சியம் இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு என்பது இதன் கணக்கு. பன்னிரண்டாம் முறைக்கு அப்பால் மூலப்பொருளின் ஓர் அணுத்திரள் தானும் குப்பியில் இருப்பது அரிது. பெரிய வயிற்றுக்காரருக்கும், இருந்த இடத்தில் இருந்து கற்போருக்கும், நித்திரை விழித்தோருக்கும் உரியதென ஹோமியோபதி நூல்கள் சொல்லும் நக்ஸ் வொமிக்காவில், எட்டியின் பெயர் இருக்கின்றது, எட்டி இல்லை. பரியாரியாரின் மருந்தும் இதுவும் பிரியும் இடம் இதுவே.

அவ்வாறாயின் அக்காலத்து நோயாளர் ஹானிமனை நாடியது ஏன்? இரத்தம் வாங்காத, குடலைப் புண்ணாக்காத, நோயாளியின் சொல்லை இருந்து கேட்கும் வைத்தியரிடத்துப் பலர் பிழைத்தனர். மருந்து செய்யாத நன்மையை, தீங்கு செய்யாமை செய்தது.

இந்தியாவுக்கு இம்மருத்துவத்தைக் கொணர்ந்தோருள் முந்தியவர் ஹொனிக்பெர்கர் என்னும் திரான்சில்வேனிய வைத்தியர். பரிசில் ஹானிமனைக் கண்டு கற்று, 1839இல் லாகூர் திரும்பி, நோயுற்றிருந்த மகாராசா ரஞ்சித்சிங்குக்குத் தல்கமரா என்னும் செடியின் மருந்தைக் கொடுத்தார். மகாராசா அவ்வாண்டே இறந்தார். கல்கத்தாவிலோ அது வேரூன்றியது. மகேந்திரலால் சர்க்கார் மேனாட்டு வைத்தியத்தில் உயர்பட்டம் பெற்றவர். முதலில் ஹோமியோபதியை எதிர்த்தவர். 1867இல் அதனை ஆதரித்துப் பேசியமையால் உடன் வைத்தியராற் புறக்கணிக்கப்பட்டவர். 1885இல் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையிற் புற்றுநோய் கண்டபோது வைத்தியம் பார்த்தவர் அவரே. காசிப்பூர்த் தோட்டத்தில் வேறொரு ஹோமியோபதி வைத்தியர் கொடுத்த லைக்கோபோடியத்தாற் பரமஹம்சருக்குச் சில நாள் சுகம் தோன்றியதாகச் சீடர் எழுதியுள்ளனர். நோய் நிற்கவில்லை, 1886 ஆகஸ்டில் அவர் மகாசமாதி எய்தினார். சர்க்கார் மருந்தைப் பற்றிப் பேசியதிலும் தம் நோயாளியோடு மெய்ப்பொருளைப் பற்றிப் பேசிய பொழுதே மிகுதி என்பதை அக்காலத்துக் குறிப்புகளில் இன்றும் காணலாம்.

இனி, சிங்கோனா மரம் நம் நாட்டுக்கு வந்த கதை. நுவரெலியாவை அடுத்த ஹக்கலைப் பூங்கா 1861இல் அமைக்கப்பட்டதே இம்மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக. கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் தோட்டத் துரைமார் சிங்கோனாவின் மேல் விழுந்தனர். 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடியே ஐம்பது இலட்சம் இறாத்தல் அளவு பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. பட்டை மலிந்தது, விலை வீழ்ந்தது, மரங்களைத் தறித்துவிட்டுத் தேயிலை நட்டனர். கொயினா வாணிகம் யாவா தீவின் கைக்குப் போயிற்று.

ஐம்பது ஆண்டு கழிந்து, 1934ஆம் ஆண்டின் இறுதியில், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது கேகாலை, குருநாகற் பகுதிகளில் மலேரியா மூண்டது. சில மாதங்களில் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். ஒரு காலத்தில் உலகுக்குப் பட்டை விற்ற நாட்டில், ஊரூராகக் கொயினாவைச் சுமந்து சென்று கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது உயிரைக் காத்தது பட்டையின் சத்து, பட்டையின் பெயரன்று.

ஹோமியோபதிக்கு இலங்கையில் 1970இல் ஒரு சட்டமும் 2016இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் இயற்றப்பட்டன. அம்மருந்து எந்நோய்க்கும் பயன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என 2015இல் அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முடிவு கூறியது. மலேரியா, காசநோய், குழந்தைகளின் வயிற்றோட்டம் ஆகியவற்றுக்கு அதனை நம்பலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே எச்சரித்தது. அந்நிறுவனமே 2016இல் இலங்கையை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றுபடுத்தியது.

எங்கள் ஊர் ஆசிரியருக்கு இம்முடிவுகளைப் பார்க்க ஆயுள் இருக்கவில்லை. இளமையில் அவர் குருநாகற் பகுதியிற் படிப்பித்தவர். 1935இல் வகுப்பில் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையானதைக் கண்டவர். வயிற்றோட்டத்தால் இளைத்தவருக்கு நோய் நின்றபின் சைனா கொடுப்பார், தடிமனுக்கு அக்கோனைற்று, பரீட்சைக்கு முதல்நாள் பயந்த பிள்ளைகளுக்கும் ஏதோ ஓர் உருண்டை. 1960களின் இறுதியில் மலேரியா மீண்டும் பரவியபோது, குளிர்ந்து நடுங்கும் காய்ச்சலோடு எவர் வந்தாலும் பெட்டியைத் திறக்கமாட்டார். “விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லு, தம்பி, இண்டைக்கே” என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்சுக்குக் காசும் தம் மடியிலிருந்து எடுத்துத் தருவார்.