ஸ்கார்பேக் செர்ரியும் பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பீரும்
பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸை ஒட்டி, இன்று வீடுகளும் ரயில் பாதைகளும் நெருங்கிக் கிடக்கும் ஸ்கார்பேக் என்னும் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் பெருகி அதை விழுங்கும்வரை, பழத்தோட்டங்கள் நிறைந்த தனிக் கிராமமாக இருந்தது. அங்கு விளைந்த புளிப்புச் செர்ரி உருவில் சிறியது, நிறத்தில் கருஞ்சிவப்பு. அதைக் கூடைகளில் நிரப்பிக் கழுதைகளின் மேல் ஏற்றி உழவர்கள் நகரச் சந்தைக்குக் கொண்டுவந்தமையால், கழுதைகளின் ஊர் என்ற பட்டப்பெயர் அவ்வூருக்கு ஏற்பட்டு இன்றும் வழங்கிவருகிறது. அந்தக் கூடைகள் போய்ச் சேர்ந்த இடங்களுள் நம் சரித்திரத்துக்கு முக்கியமானவை மதுக்கடைக்காரர்களின் நிலவறைகளே.

அந்நிலவறைகளில் இருந்தது லாம்பிக் என்னும் பீர். முளைகட்டிய வாற்கோதுமையோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சி, நறுமணம் போகும்வரை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழையதாக்கிய ஹாப் பூக்களை இட்டு, அகன்று ஆழமில்லாத செப்புத் தொட்டியில் இரவெல்லாம் திறந்தபடி ஆறவிட்டால், காற்றிலும் கட்டடத்தின் மரங்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் தாமே அதில் இறங்கிப் புளிக்கச் செய்யும். கோடையில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடுமாதலால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்காலத்தில் மட்டுமே இதைக் காய்ச்சுவது சம்பிரதாயம். 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஒற்றை ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியபின், பீர் உலகம் பெரும்பாலும் அவ்வழியே சென்றது. பிரஸ்ஸல்ஸும் அதன் மேற்கிலுள்ள பாயோட்டன்லாந்து கிராமங்களுமோ தொடர்ந்து காற்றை நம்பியே காய்ச்சிவந்தன. தாமே காய்ச்சாமல், காய்ச்சியவர்களிடம் பீப்பாய் பீப்பாயாக வாங்கி, கலந்தும் பழம் ஊறவைத்தும் பக்குவப்படுத்திய கடைக்காரர்களும் அங்கு இருந்தார்கள். பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் வாற்கோதுமை, ஹாப், நீர் என்னும் மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் அனுமதிக்கவில்லை. அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தமை இவ்வட்டாரத்தின் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

கோடை நடுவில் செர்ரி பழுக்கும்போது, முந்தைய குளிர்காலங்களில் காய்ச்சிய லாம்பிக் மரப்பீப்பாயில் முதிர்ந்து, தன் சர்க்கரையில் பெரும்பகுதியை இழந்து அடங்கியிருக்கும். அதில் செர்ரியைக் கொட்டையோடு முழுதாக இடுவார்கள். அந்தர்லெக்ட்டில் 1900-இல் தொடங்கிய கான்டிலோன் பீர்சாலையில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம் என்பது அளவு. பழத்தின் சர்க்கரை பட்டவுடன், அடங்கிக் கிடந்த ஈஸ்ட் மறுபடி பொங்கி எழுந்து, சில மாதங்களில் இனிப்பு முழுவதையும் உண்டு தீர்த்துவிடுகிறது. சதை கரைந்து, கொட்டையும் தோலும் அடியில் தங்க, பீரில் எஞ்சுவன செந்நிறமும் பழத்தின் புளிப்பும் கொட்டைக்குள்ளிருந்து ஊறிவந்த வாதுமை மணமுமே. பின்னர் இளம் லாம்பிக் சிறிது சேர்த்துப் புட்டியில் அடைக்க, அங்கே மீண்டும் ஒரு முறை புளித்து நுரை சேர்கிறது. ஆகவே, கிரீக் எனப்படும் இந்தச் செர்ரிப் பீரைப் பழச்சாறு கலந்த பானமென்று எண்ணுவது பெரும் பிழை. இங்கே பழம் நாவுக்கு இட்ட இனிப்பன்று, நுண்ணுயிர்களுக்கு இட்ட இரண்டாம் உணவு.

இந்த நியாயத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஏறக்குறையத் தலைகீழாக்கிற்று. சர்க்கரையும் பழச்சாறும் சேர்த்து, மேற்கொண்டு புளிக்காதபடி சூடுகாட்டி அடைத்த இனிப்புப் பீர்கள் கிரீக் என்னும் பெயரிலேயே பரவின. அவற்றில் பழகியவர்களுக்குப் பழைய பீரின் கூர்மையான புளிப்பு, கெட்டுப்போனதன் அடையாளமாகப் பட்டது. இதை ருசி மாற்றம் என்று சொல்லி அமைதி கொள்ள எனக்கு இயலவில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் மட்டுமே விளையும் ஒரு வஸ்துவின் பெயரை, பொறுமை வேண்டாத ஒன்று எடுத்துக்கொண்டது. 1997-இல் லாம்பிக் காய்ச்சுவோரும் கலப்போரும் ஹோரால் என்னும் சங்கத்தை அமைத்தார்கள். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் ‘பழைய கிரீக்’ என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

பெயர் காக்கப்பட்டாலும் பழம் எளிதில் திரும்பவில்லை. ஸ்கார்பேக்கின் தோட்டங்கள் எப்போதோ தெருக்களாகிவிட்டமையால், பீர்சாலைகள் போலந்து முதலிய நாடுகளின் செர்ரியையும் நாடவேண்டியதாயிற்று. பாயோட்டன்லாந்தின் வேலிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தப்பிநின்ற பழைய மரங்களிலிருந்து ஒட்டெடுத்து, அண்மைக் காலத்தில் புதுக்கன்றுகளை அவ்வட்டாரத்தில் நட்டுவருகிறார்கள். பழம் சிறிதாதலால் பறிக்கும் கூலி மிகுதி, ஆயினும் அந்தச் செர்ரிக்கே அதிக விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் பீர்காய்ச்சுவோர் அங்கே இருக்கிறார்கள்.