ஹொவ்ஸ்குறுண்ட் கிராமத்து மணியோசை

இளைஞர் குழுவொன்று மலையேறிச் சென்று, இரவு தங்கி மீள்வது நம் நாட்டிற் புதிதன்று. 1912 ஆம் ஆண்டில் மாத்தளையிலே சாரண இயக்கம் கால்கொண்ட நாள் தொட்டு, எத்தனையோ சாரணர் குழுக்கள் முதுகிற் பொதி சுமந்து மலைப்பாதைகளில் நடந்துள்ளன. மார்கழி தொடங்கிச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் அடியார் கூட்டத்திலும் இளைஞரே முன்னிற்பர். ஆயினும் பனிக்காலத்து மலைநடை என்றால் நமக்கு நினைவுக்கு வருவன குளிர்காற்றும் கம்பளிப் போர்வையுமே. வெண்பனி பொழியும் நாடுகளில் அதன் பொருள் வேறு. அதனை உணர்த்தும் வரலாறொன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். இதில் வரும் சிறுவர் சாரணர் அல்லர். ஆனால் சாரணர் வயதினர், சாரணர் செல்வது போன்றதொரு பயணத்தையே மேற்கொண்டவர்.

1936 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், இலண்டன் மாநகரின் தென்பகுதியிலிருந்த ஸ்றாண்ட் பாடசாலையின் மாணவர் 27 பேர், இளம் ஆசிரியர் ஒருவரின் தலைமையில் யேர்மனி சென்றனர். அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள கருங்காடு எனும் மலைநாட்டைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதும், இரவுதோறும் இளைஞர் விடுதிகளில் தங்குவதும் அவர்தம் திட்டம். ஏப்ரில் 17 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை காலை, பிறைபேர்க் நகரை விட்டு, மலைக்கு அப்பாலுள்ள தொட்னவ்பேர்க் என்னும் ஊரை நோக்கிப் புறப்பட்டனர். இடையே நின்றது ஷவ்இன்ஸ்லாண்ட் மலை. உயரம் 1284 மீற்றர். நமது நுவரெலியா நகரமே இதனினும் உயர்ந்த இடத்தில் இருக்கின்றது! மலையின் உயரத்தை மட்டும் கேட்டு அதன் அபாயத்தை அளக்கலாகாது என்பதற்கு இதுவே சான்று. 'நாட்டைப் பார்' என்பது அம்மலைப் பெயரின் பொருளாம். அன்றோ, பக்கத்தில் நடந்தவனையே பார்க்க முடியாத நிலை.

நாட்காட்டி வசந்தகாலம் என்றது. வானம் அவ்வாறு சொல்லவில்லை. வெண்பனி பொழியத் தொடங்கி, ஏற ஏறத் தடித்தது. சிறுவர்கள் வசந்தத்துக்கேற்ற மெல்லிய உடையினர். சிலர் அரைக்காற்சட்டை அணிந்திருந்தனர். வழியிலே விடுதி நடத்திய பெண்மணி தடுத்தார். காட்டில் வேலை செய்வோர் தடுத்தனர். கடிதம் சுமந்து அம்மலையை நாடோறும் அளந்த தபாற்காரரும் எச்சரித்தார். படித்த நகரத்தார்க்கு இத்தகையோர் சொல் பெரிதாகத் தோன்றுவதில்லை போலும். ஒரு முறையாவது திரும்பியிருந்தால், அன்று மாலை பிறைபேர்க் விடுதியிற் சூடான உணவோடு அக்கதை முடிந்திருக்கும். குழு மேலே சென்றது.

குளிர் உயிரைக் கொல்லும் விதம் நம்மவர் பலர் அறியாதது. நனைந்த உடை உடற்சூட்டை விரைவில் உறிஞ்சிவிடும்; காற்று அதனை மேலும் இழுத்துச் செல்லும். முழங்கால் அளவு பனியில் ஒவ்வோர் அடியும் உழைப்பு. உழைக்க உணவு வேண்டும். அது தீர்ந்தபின் உடல் தன்னையே சூடாக்க இயலாது. முதலில் நடுக்கம், பின் தள்ளாட்டம், பின் உறக்கம் போன்றதொரு மயக்கம். அம்மயக்கத்தில் அமர்பவன் தானாக எழுவதில்லை. மாலைக்குள் சிறுவர் சிலர் இந்நிலையை அடைந்தனர். வலியவர் நலிந்தவரைத் தாங்கிக்கொண்டு, திசை தெரியாது, செங்குத்தான சரிவொன்றில் ஏறினர்.

இருள் சூழ்ந்தபின், பனிப்புயலினூடே மணியோசை கேட்டது. மலையின் மறுபுறத்துச் சிற்றூராகிய ஹொவ்ஸ்குறுண்டின் தேவாலயத்து மணி அது. ஆபத்தறிந்து ஒலித்த மணியன்று. ஊரார்க்கு வழக்கமாக ஒலிக்கும் மாலைமணி. ஆலயமணி கேட்டுக் காலங் கணித்த நம் முதியோர்க்கு, அவ்வோசை வழிதவறியோர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என விளக்க வேண்டியதில்லை. அவ்வோசையின் திசையிலே இறங்கிய சிறுவரிற் சிலர் ஒரு பண்ணைவீட்டின் கதவைத் தட்டினர். அதன்பின் நடந்தது அக்கிராமத்தாரின் பெருமை. உழவர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் கட்டி, சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு, புயலுக்குள் சென்றனர். மொழி தெரியாத பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடியெடுத்து அடுப்பங்கரைக்குக் கொணர்ந்தனர். நள்ளிரவை நெருங்கும்வரை தேடினர். ஆயினும் ஐந்து சிறுவர் மாண்டனர்.

பின்னர் நடந்தவை வேறுவகையில் வருத்தந் தருவன. அக்காலத்தில் யேர்மனியை ஆண்டவர் ஹிற்லர். இங்கிலாந்தின் நட்பை நாடியிருந்த அவ்வரசு, இத்துயரைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஹிற்லர் இளைஞர் அணியினர் சவப்பெட்டிகளுக்குக் காவல் நின்றனர். உழவர்கள் செய்த உபகாரம் அரசின் பெருமையாக மாற்றப்பட்டது. இங்கிலாந்துப் பத்திரிகைகளோ ஆசிரியரை வீரர் எனப் புகழ்ந்தன. விசாரணைகளும் அவர்மேற் குற்றங் காணவில்லை. மாண்ட சிறுவன் ஒருவனின் தந்தை மட்டும் இதனை ஏற்கவில்லை. தாமே அம்மலைநாட்டுக்குச் சென்று, எச்சரித்தவர்களை விசாரித்து, அவர்கள் கூறியவற்றைத் திரட்டினார். இரு நாடுகளும் அமைதியாக மறக்க விரும்பியதை அவர் மறக்க மறுத்தார். அவர் பிடிவாதத்தைக் கசப்பு எனச் சிலர் சொல்லலாம். எமக்கு அது நியாயமாகவே தோன்றுகின்றது. துக்கத்தில் மரியாதை செய்வது வேறு, உண்மையை மூடுவது வேறு.

1938 இல் ஹொவ்ஸ்குறுண்டிற்கு மேலேயுள்ள சரிவில், கல்லாலான நினைவுச் சின்னமொன்று எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே இரு நாடுகளும் போரில் இறங்கின. தப்பிப் பிழைத்த சிறுவர் தலைமுறையும், அவர்களைத் தூக்கி வந்த உழவர்களின் பிள்ளைகளும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். போர் முடிந்தபின் சின்னத்திலிருந்த சுவஸ்திகா அடையாளம் நீக்கப்பட்டது. நாசிகளின் கையில் அது பட்டபாடு, அவ்வடையாளத்தைக் கோயில் வாயிலிற் காணும் நமக்கு இன்னொரு துயரம். கல் மட்டும் இன்றும் நிற்கின்றது. யேர்மனிய வரலாற்றாய்வாளர் பேண்ட் ஹைன்முல்லர் பிற்காலத்திற் பழைய ஆவணங்களைத் தேடி ஆராய்ந்தபோதுதான், தடுத்தவர் யார், எங்கே தடுத்தனர் என்பன மீண்டும் வெளிவந்தன.