பேச்சிப்பாறைக் கல்லறை எதற்குச் சான்று?

பேச்சிப்பாறை அணையருகே உள்ள ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சினின் கல்லறையை அணையின் தோற்றத்துக்கே சான்றாகக் கொள்ளும் போக்கு குமரி மாவட்ட வரலாற்றெழுத்தில் வேரூன்றிவிட்டது. அணையைக் கட்டிய துரை அந்த மண்ணிலேயே அடக்கமானார், ஆகவே அணை அவருடைய கொடை என்று அந்த வாசிப்பு போகிறது. மிஞ்சினின் உழைப்பைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமன்று. அந்தக் கல்லறை சொல்லாத செய்தியை அதன்மேல் ஏற்றிவிட்டோம் என்பதே என் கருத்து.

ஆண்டுகளைப் பார்ப்போம். அணை வேலை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. மிஞ்சின் மறைந்தது 1913 செப்டம்பர் 25. நடுவே ஏழு ஆண்டுகள் கிடக்கின்றன. அணைக்காக உயிரைக் கொடுத்தவர் என்ற சித்திரம் இந்த இடைவெளியைத் தாண்டி வர இயலாது. அவர் பிறந்த ஆண்டும் கவனத்துக்குரியது: 1868. அதாவது, வேலை தொடங்கியபோது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. அந்த வயதில் ஒருவர் பேரணை ஒன்றைத் திறம்படக் கட்டி முடிக்கலாம், இவர் முடித்தார். ஆனால் 26 லட்சம் ரூபாய்க்கு மேல் விழுங்கிய திட்டத்தை ஏற்பதா, தள்ளுவதா என்பது அவர் கையில் இருந்த முடிவாகத் தெரியவில்லை. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், தொடக்கத்தில் சங்கரசுப்பையர், 1898 முதல் கிருஷ்ணசாமி ராவ், 1904 முதல் வி. பி. மாதவராவ் என்று அடுத்தடுத்து வந்த திவான்கள் இந்தச் செலவைத் தாங்கி நடத்தினார்கள். அணை முடிந்த அதே 1906இல் மாதவராவ் மைசூருக்குத் திவானாகப் போய்விட்டார். திருவிதாங்கூர் அரசியலைப் படிப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்; பேச்சிப்பாறையைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர்களுக்கே இது மறந்துபோகிறது.

அணை ஒருவருடைய கொடையன்று என்பதையே அதன் தண்ணீர் போகும் வழியும் காட்டுகிறது. கோதையாற்றில் தேக்கிய நீர் இடதுகரைக் கால்வாய் வழியே புத்தன் அணைப் பக்கம் வந்து, பழைய பாசன அமைப்போடு சேருகிறது. புத்தன் அணை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தது. அதற்குச் சற்று மேலே பறளியாற்றைப் பழையாற்றுக்குத் திருப்பிவிட்ட பாண்டியன் அணை இருக்கிறது. மரபு அதைப் பாண்டியர் காலத்துக்குக் கொண்டுபோகிறது. நாஞ்சில் நாட்டுக் குளங்களும் கால்களும் மடைகளும் அணைக்கு முன்பே இருந்தவை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்போகங்களுக்கும் கடைமடை வரை தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்வதே புதிய அணையின் வேலை. இது சின்ன வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இது ஒரு நெடுந்தொடரின் கடைசிக் கண்ணி. கண்ணியைச் செய்தவருக்கே தொடர் முழுவதையும் எழுதிவைப்பது முறையாகாது.

அப்படியிருந்தும் மிஞ்சின் பெயர் மட்டும் எப்படி நின்றது? என் விடை எளியது: அவர் புதைக்கப்பட்டவர். எரியூட்டும் வழக்கமுடைய திவான்களுக்குப் போய்ப் பார்க்க ஓர் இடமில்லை. கல் சுமந்தவர்களுக்கும் சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும் பெயர்கூட இல்லை. வெள்ளைக்காரன் என்பதால் கிடைத்த புகழ் என்று இதை முடித்துவிடுவோரும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் கல்லறை இல்லாத எத்தனையோ வெள்ளை அதிகாரிகளை நாம் சுத்தமாக மறந்திருக்கிறோம். இந்த மாவட்டத்திலேயே இணையான இன்னொரு சான்று உண்டு. உதயகிரிக் கோட்டைக்குள் மார்த்தாண்டவர்மாவின் ஐரோப்பியப் படைத்தலைவர் டிலனாயின், லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறை இருக்கிறது. அவர் 1777இல் இறந்தவர். மார்த்தாண்டவர்மாவின் அரசியலையும் போர்களையும் முன்னின்று நடத்திய தளவாய் ராமய்யன் 1756இல் இறந்தார். உதயகிரிக்கு வருவோரிடம் கேட்டால் டிலனாயைச் சொல்வார்கள். ராமய்யனைச் சொல்வோர் அபூர்வம்.

முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கை எடுத்துக்காட்டி இதை மறுக்கலாம். அவர் கல்லறை இங்கிலாந்தில். தேனி மாவட்டமோ அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறது. ஆனால் இன்று நாம் காணும் அந்தக் கொண்டாட்டத்தின் வேகம் முல்லைப்பெரியாறு வழக்குகளோடு சேர்ந்து ஏறியது. பேச்சிப்பாறைக்கு அப்படியோர் எல்லைச் சண்டை வரவில்லை. 1956இல் மாவட்டத்தோடு அணையும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. இந்த மறுப்பில் மேலும் தங்க வேண்டியதில்லை.

மிஞ்சின் தாமே விரும்பி அங்கே அடக்கமானார் என்ற வழக்கையும் நான் தள்ளவில்லை. அது உண்மையானால், அணை முடிந்த பின்னும் அந்த இடத்தோடு அவருக்குப் பிடிப்பு இருந்தது என்று ஆகிறது. அந்தப் பிடிப்பு பதவியால் வந்ததா, வேறு வகையா என்பது 1906க்கும் 1913க்கும் இடைப்பட்ட சமஸ்தானப் பொதுப்பணித் துறைக் கோப்புகளைக் கொண்டு தீர்க்க வேண்டிய கேள்வி. இதுவரை எழுதியவர்கள் 1906உடன் நிறுத்திக்கொண்டு, நேரே கல்லறைக்குத் தாவியிருக்கிறார்கள்.