ஊளம்பாறையும் ஒரு சட்டமும்

திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊளம்பாறை. பெயரைக் கேட்டதும் கேரளத்தில் யாருக்கும் ஊர் நினைவுக்கு வராது, அங்குள்ள மனநல மருத்துவமனைதான் வரும். "ஊளம்பாறைக்குக் கொண்டுபோகணும்" என்பது கேலியாகவும் வசவாகவும் புழங்கியது. 1956 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்த நாகர்கோவில் பக்கத்திலும் அந்தக் கேலி செல்லுபடியானது. சென்னையில் அந்த வேலையைக் கீழ்ப்பாக்கம் பார்த்துக்கொண்டது.

ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1870இல் தொடங்கிய மருத்துவமனை இது. அக்காலக் காப்பகங்களில் நோயைத் தீர்ப்பதைவிட ஆளை ஊர்க்கண்ணிலிருந்து அகற்றுவதே முதல் வேலை. சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்தது. மனநோயாளிகள் பற்றி 1912இல் வந்து, சுதந்திர இந்தியாவிலும் 1993 வரை நீடித்த சட்டத்தின்படி, பெரும்பாலான நோயாளிகள் நீதிபதியின் உத்தரவோடுதான் உள்ளே போனார்கள். தெருவில் திரிந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தது போலீஸ். காய்ச்சலுக்கு எவரும் நீதிபதியிடம் போவதில்லையே!

இதன் விளைவு வெளியே இருந்தவர்களின் தலைக்குள் விழுந்தது. மனநோய் என்றால் சங்கிலி, கம்பிக்கதவு, கூச்சல் என்று ஆகிவிட்டபின், மாதக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர் தன்னை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பார்? நரம்புத் தளர்ச்சி என்பார், கேஸ் டிரபிள் என்பார், வீட்டுக்கவலை என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்கக்கூடாது; அவருக்கே அப்படித்தான் படுகிறது.

பைத்தியம் என்ற பெயர் மீதான இந்தப் பயத்தையே கதையாக்கியது, லோகிததாஸ் எழுதி, சிபி மலயில் இயக்கி, 1987இல் வந்த 'தனியாவர்த்தனம்' என்ற மலையாளப் படம். பரம்பரைப் பைத்தியம் என்று பெயர்போன குடும்பத்து ஆசிரியராக மம்மூட்டி. நல்ல புத்தியோடு இருப்பவரை ஊரும் வீடும் சேர்ந்து நோயாளியாக்கிவிடுகின்றன.

படத்தின் பயம் கற்பனையல்ல, கல்யாணச் சந்தையில் அதற்கு விலை உண்டு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மனநோயையும் வலிப்பையும் தடைகளில் வைத்திருந்தது. 1999இல் வலிப்பை மட்டும் நீக்கினார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் மனநல மருத்துவரின் சீட்டை ஏன் ஒளித்துவைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

2015-16 தேசிய மனநல ஆய்வில் கேரளமும் இடம்பெற்றது. அந்த ஆய்வின்படி, நாட்டளவில் பெரும்பாலான மனநலக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர். எழுத்தறிவில் முன்னால் நிற்கும் மாநிலம் அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆஸ்வாசம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவரிடமே தூக்கத்தைப் பற்றியும் விசாரிக்கலாம்; அதற்காக யாரும் ஊளம்பாறை பஸ் ஏற வேண்டியதில்லை.